உழைக்காத சம்பளத்துக்கு நீங்கள் ஏன் வரி கட்ட வேண்டும்?

கேள்வி: நான் திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தின் பேக்கிங் பிரிவில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். மாதச் சம்பளம் 24,000 ரூபாய். இதுவரை வருமான வரி ரிட்டர்ன் தாக்கல் செய்ததில்லை. வீட்டுக் கடனுக்கு வங்கியில் கேட்டதால், எங்கள் பகுதியில் ரிட்டர்ன் போட்டுத் தருபவரிடம் போனேன். அவர் என் பான் கணக்கைத் திறந்து பார்த்தபோது, 2024-25 நிதியாண்டில் மும்பை நிறுவனம் ஒன்று மாதம் 36,000 வீதம் 4,32,000 ரூபாய் எனக்குச் சம்பளம் கொடுத்ததாக இருந்தது. வரி எதுவும் பிடிக்கவில்லை. சென்னை நிறுவனம் ஒன்று ஜனவரியில் ஒரே தடவையாக 1,86,000 ரூபாய் ஒப்பந்தத் தொகை கொடுத்து, 1,860 ரூபாய் வரி பிடித்ததாகவும் இருந்தது. இரண்டு பெயரையும் நான் கேள்விப்பட்டதே இல்லை. “எல்லாவற்றையும் சேர்த்துக் காட்டி 32,560 ரூபாய் கட்டிவிடுங்கள், தலைவலி தீரும். வருமானம் கூடுதலாகத் தெரிந்தால் கடனும் சுலபமாகக் கிடைக்கும்” என்கிறார் அவர். வீட்டிலோ, “உனக்குத் தெரியாமலா உன் பெயரில் சம்பளம் வரும்?” என்று கணவர் கேட்கிறார். இரண்டு வாரமாக எனக்குத் தூக்கமில்லை. என்ன செய்வது?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருப்பூர்

பதில்: சகோதரி, அந்தப் பணத்தைக் கட்டாதீர்கள். கடன் வாங்கியோ நகையை அடகு வைத்தோ கட்டும் எண்ணம் இருந்தால் அதை இன்றே விட்டுவிடுங்கள். அவர் போட்ட கணக்கில் பிழை இல்லை. மூன்று தொகையையும் கூட்டினால் 9,06,000. நிலைக்கழிவு 75,000 போக 8,31,000. புதிய வரி முறையில் அதற்கு வரியும் செஸ்ஸும் சேர்ந்து 34,424. பிடித்ததாகச் சொல்லப்படும் 1,860 போனால் 32,564. அதைப் பத்தின் மடங்காக்கினால் அவர் சொன்ன தொகை வருகிறது. கூட்டல் சரி, யோசனைதான் தவறு. உங்கள் உண்மையான வருமானம் 2,88,000 ரூபாய். அதற்கு ஒரு ரூபாய்கூட வரி இல்லை.

ரிட்டர்னின் கடைசிப் பகுதியில் ஓர் உறுதிமொழி இருக்கும். இதில் உள்ளவை எனக்குத் தெரிந்தவரை உண்மை, முழுமை என்று நீங்கள் சொல்லும் இடம் அது. அந்த மும்பைச் சம்பளத்தைச் சேர்த்துவிட்டு அங்கே ஒப்பமிட்டால், அந்த நிறுவனத்தில் வேலை பார்த்தேன் என்று நீங்களே அரசிடம் எழுதிக் கொடுத்ததாகிவிடும். பொய்யாகச் சம்பளச் செலவு எழுதியவருக்கு நீங்கள் சாட்சி ஆகிவிடுவீர்கள். நாளைக்கு அந்த நிறுவனத்தைத் துறை விசாரிக்கும்போது, “அந்தச் சம்பளம் எந்த வங்கிக் கணக்கில் வந்தது?” என்று உங்களைத்தான் கேட்கும். அப்போது சொல்ல உங்களிடம் பதில் இருக்காது. இல்லாத வருமானத்தைக் காட்டிக் கடன் வாங்குவது அதைவிட ஆபத்து. வங்கியிடம் பொய்க் கணக்கு கொடுத்தவர் நீங்கள் என்றாகும். மாதத் தவணையையும் 24,000 சம்பளத்திலிருந்துதான் கட்டியாக வேண்டும்.

நீங்கள் பார்த்தது ஏ.ஐ.எஸ். என்கிற வருடாந்தரத் தகவல் அறிக்கை. 2021 நவம்பரில் வருமான வரித் துறை இதைக் கொண்டுவந்தது. இதோடு 26ஏ.எஸ். என்ற பழைய படிவமும் இருக்கிறது. இவை இரண்டும் உங்களைப் பற்றி மற்றவர்கள் சொன்னவற்றின் தொகுப்பு. நிறுவனங்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை டி.டி.எஸ்., அதாவது பணம் கொடுக்கும்போதே பிடிக்கும் வரி பற்றிய அறிக்கை தாக்கல் செய்கின்றன. யாருக்கு எவ்வளவு கொடுத்தோம், எவ்வளவு வரி பிடித்தோம் என்று பான் எண்ணோடு எழுதுகின்றன. அங்கே எழுதப்படும் பான் உங்களுடையதாக இருந்தால், அந்தத் தொகை உங்கள் அறிக்கையில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அந்த நேரத்தில் உங்களை யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை.

உங்கள் கணவருக்கு நீங்கள் சொல்ல வேண்டியதும் இதுதான். உங்களுக்குத் தெரியாமல் உங்கள் பெயரில் சம்பளம் எழுத முடியும். பான் எண் ஒன்றே அதற்குப் போதும். அவரையும் பக்கத்தில் உட்கார வைத்து அந்த அறிக்கையைத் திறந்து காட்டுங்கள். உங்கள் வருகைப் பதிவும், பி.எஃப். கணக்கும், வங்கிப் பாஸ்புத்தகமும் நீங்கள் வருடம் முழுக்கத் திருப்பூரில்தான் இருந்தீர்கள் என்று சொல்லும். இதில் நீங்கள் தலைகுனிய எதுவுமே இல்லை.

அடுத்து அறிக்கையில் உள்ள அந்த இரண்டு பதிவுகளுக்கு வருவோம். இரண்டும் ஒரே மாதிரித் தெரிந்தாலும் ஒன்றல்ல. நிறுவனத்தின் பெயருக்குப் பக்கத்தில் டான் என்ற பத்து இலக்க எண் இருக்கும். முதலில் நான்கு எழுத்து, பிறகு ஐந்து எண், கடைசியில் ஓர் எழுத்து. முதல் மூன்று எழுத்து எம்.யு.எம். என்றால் மும்பை, சி.எச்.இ. என்றால் சென்னை. பிறகு எந்தப் பிரிவு என்று பாருங்கள். 192 என்றால் சம்பளம், 194சி என்றால் ஒப்பந்தத் தொகை. கடைசியாகத் தேதிகள்.

சென்னைப் பதிவு ஒரே தேதியில், ஒரே தொகையாக இருக்கிறது. ஒப்பந்தக்காரர் தனிநபராக இருந்தால் பிடிக்க வேண்டிய ஒரு சதவீதத்தைக் கச்சிதமாகப் பிடித்துக் கட்டியும் இருக்கிறார்கள். உங்கள் பெயரில் ஏமாற்ற நினைப்பவர் உங்களுக்காகத் தன் கையிலிருந்து 1,860 ரூபாய் கட்டுவது அரிது. இது பெரும்பாலும் தட்டச்சுப் பிழை, அல்லது எக்செல் அட்டவணையில் ஒரு வரிசை நழுவியதால் வந்த வினை. அப்படியானால் எங்கோ ஓர் உண்மையான ஒப்பந்தக்காரர் தன் 1,860 ரூபாயைக் காணாமல் தேடிக்கொண்டிருப்பார்.

மும்பைப் பதிவு அப்படியல்ல. மாதந்தோறும் பிசகாமல் 36,000. ஆண்டுக்கு 4,32,000. புதிய முறையில் வருமானம் ஏழு லட்சத்துக்குள் இருந்தால் 2024-25இல் வரியே வராது என்பதால், பிடித்தம் செய்ய வேண்டிய தேவையும் அவர்களுக்கு வரவில்லை. தற்செயலான பிழை பன்னிரண்டு மாதம் இப்படித் தொடராது. ஆட்களே இல்லாமல் சம்பளப் பட்டியல் எழுதி, செலவைக் கூட்டி, லாபத்தைக் குறைத்துக் காட்டும் வழக்கம் உண்டு. அதற்குத் தேவை பான் எண்கள். ஜெராக்ஸ் கடையில் விட்டுவந்த நகல், வேலை வாங்கித் தருவதாகச் சொன்னவரிடம் வாட்ஸ்அப்பில் அனுப்பிய படம், செல்போனில் உடனடிக் கடன் தரும் செயலி என்று எங்கிருந்து வேண்டுமானாலும் அது போயிருக்கலாம். இதை நான் மோசடி என்றே எடுத்துக்கொள்கிறேன். நீங்களும் அப்படியே எடுத்துக்கொண்டு நடவடிக்கையில் இறங்குங்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் காவலாளி என்னிடம் வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை, அதில் நான்காக மடித்த ஒரு தாள். அவர் பெயரில் வெளியூர் நிறுவனம் ஒன்று சம்பளம் எழுதியிருந்தது. உங்களுக்குச் சொன்னதையே அவருக்கும் யாரோ சொல்லி, முதல் ஆண்டு அதை ஒப்புக்கொண்டு வரி கட்டியிருந்தார். அடுத்த ஆண்டு அதே நிறுவனம் இன்னும் பெரிய தொகையை எழுதியது. மறுக்கப் போனபோது, “சென்ற ஆண்டு நீங்களே ஒப்புக்கொண்டிருக்கிறீர்களே?” என்ற கேள்விதான் முன்னால் வந்து நின்றது. அதைச் சரிசெய்ய நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. உங்களுக்கு இது முதல் ஆண்டு. இப்போதே மறுத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

மறுப்பை முதலில் ஏ.ஐ.எஸ். தளத்திலேயே பதிவு செய்யுங்கள். வருமான வரித் துறையின் இணையதளத்தில் உங்கள் பான், கடவுச்சொல் போட்டு நீங்களே உள்ளே போங்கள். ரிட்டர்ன் போட்டுத் தருபவரின் செல்போன் எண்ணும் மின்னஞ்சலும் உங்கள் கணக்கில் பதிவாகியிருந்தால், அதை முதலில் மாற்றுங்கள். ஓ.டி.பி. உங்கள் கைக்குத்தான் வர வேண்டும். ஏ.ஐ.எஸ். பக்கத்தில் ஒவ்வொரு தகவலுக்கும் எதிரே கருத்துச் சொல்லும் வசதி இருக்கும். அதில் சில தேர்வுகள் வரும். ‘இன்ஃபர்மேஷன் இஸ் டினைட்’, அதாவது ‘இந்தத் தகவலை மறுக்கிறேன்’ என்பதை இரண்டு பதிவுகளுக்கும் தேர்ந்தெடுங்கள். ‘வேறு பான் எண்ணுக்கு உரியது’ என்று ஒரு தேர்வும் உண்டு. அதைத் தொட வேண்டாம், அந்த வேறு எண் உங்களுக்குத் தெரியாது. பதிவு செய்ததும் கிடைக்கும் ஒப்புகை ரசீதைப் பதிவிறக்கி, அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்குப் பிறகும் அந்தப் பதிவுகள் மறைந்துவிடாது. நிறுவனம் சொன்ன தொகை ஒரு பக்கமும் உங்கள் மறுப்பு இன்னொரு பக்கமும் நிற்கும். துறை உங்கள் மறுப்பை அந்த நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் கேட்கலாம். அப்படி அனுப்பினார்களா, அவர்கள் என்ன சொன்னார்கள் என்பதையும் 2024 முதல் அதே பக்கத்தில் பார்க்க முடிகிறது. 26ஏ.எஸ். படிவமோ, அந்த நிறுவனம் திருத்த அறிக்கை தாக்கல் செய்தால்தான் மாறும். “ஆபீசில் ஆள் இருக்கிறார், அழித்துத் தருகிறேன்” என்று யாராவது பணம் கேட்டால் நம்பாதீர்கள்.

அதனால் இரண்டு நிறுவனங்களுக்கும் கடிதம் எழுத வேண்டும். முகவரிக்கு எங்கும் அலைய வேண்டாம். அதே இணையதளத்தில் டான் விவரம் அறியும் பகுதி இருக்கிறது. எண்ணைப் போட்டால் முகவரியும், அந்த நிறுவனம் எந்த வரி அதிகாரியின் வரம்பில் வருகிறது என்பதும் கிடைக்கும். கடிதம் நீளமாக இருக்கத் தேவையில்லை. இப்படி எழுதினால் போதும்:

“என் பான் எண்ணில், 2024-25 நிதியாண்டுக்குத் தாங்கள் 4,32,000 ரூபாய் சம்பளம் கொடுத்ததாக டி.டி.எஸ். அறிக்கையில் காட்டியுள்ளீர்கள். நான் தங்கள் நிறுவனத்தில் எந்தக் காலத்திலும் பணியாற்றியதில்லை. தங்களிடமிருந்து எந்தத் தொகையும் பெற்றதில்லை. என் பான் எண்ணைப் பயன்படுத்த நான் அனுமதி கொடுத்ததும் இல்லை. இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் திருத்த அறிக்கை தாக்கல் செய்து அதன் நகலை எனக்கு அனுப்பக் கோருகிறேன். எனக்குச் சம்பளம் கொடுத்ததாகத் தாங்கள் கருதினால், நியமன உத்தரவு, வருகைப் பதிவு, பணம் செலுத்திய வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றை அனுப்பவும்.”

இந்தக் கடைசி வாக்கியம் முக்கியம், அதை விட்டுவிடாதீர்கள். பொய்யாக எழுதியவர்களிடம் இந்த மூன்றும் இருக்காது. சென்னைக் கடிதத்தில் தொகையை மாற்றி, சம்பளம் என்ற இடத்தில் ஒப்பந்தத் தொகை என்று எழுதுங்கள். நியமன உத்தரவுக்குப் பதிலாக ஒப்பந்த நகலையும் பில்லையும் கேளுங்கள். பிழையாக இருக்கலாம் என்பதால் தணிந்த குரலிலேயே கேளுங்கள். கடிதத்தோடு பான் கார்டு, ஆதார், பாஸ்புத்தக நகல் எதையும் வைக்காதீர்கள். ஏற்கெனவே உங்கள் எண்ணைத் தவறாகப் பயன்படுத்தியவர்களுக்கு நாமே மேலும் ஆவணம் அனுப்பக் கூடாது.

ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அப்படி ஒரு நிறுவனமே அந்த முகவரியில் இல்லை என்று உறை திரும்பி வரலாம். வந்தால் பிரிக்காதீர்கள். தபால்காரர் குறிப்பு எழுதிய அந்த மூடிய உறையே நல்ல சாட்சி. நிறுவனத்திலிருந்து யாராவது போனில் கூப்பிட்டு, “ஏதோ கொடுத்துச் சரிசெய்துகொள்ளலாம், ஒரு கையெழுத்து மட்டும் போடுங்கள்” என்றால் மறுத்துவிடுங்கள். ஓ.டி.பி. கேட்டாலும் சொல்லாதீர்கள். எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள்.

இதே விவரத்தை ஒரு மனுவாக எழுதி, ஏ.ஐ.எஸ். அச்சுப்படியும் மறுப்பு ரசீதும் இணைத்துத் திருப்பூர் வருமான வரி அலுவலகத்தில் உங்கள் வரம்பு அதிகாரி பெயருக்குக் கொடுங்கள். ஒரு நகல் கூடுதலாக எடுத்துப் போய், பெற்றுக்கொண்டதற்கான சீலும் தேதியும் அதில் வாங்காமல் திரும்பாதீர்கள். இன்னொரு நகல், அந்த நிறுவனத்தின் டி.டி.எஸ். அதிகாரிக்குத் தபாலில் போகட்டும். இணையதளத்தில் குறைதீர்ப்புப் பகுதியும் இருக்கிறது. அங்கேயும் பதிந்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

சென்னை நிறுவனத்துக்கு 15 நாள் அவகாசம் கொடுக்கலாம். மும்பை நிறுவனத்தின் மீது உடனே புகார் கொடுங்கள். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பதியலாம், அல்லது நேரில் சைபர் குற்றப் பிரிவு காவல் நிலையத்துக்குப் போகலாம். அடுத்தவரின் அடையாளத்தை ஏமாற்றிப் பயன்படுத்துவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவில் மூன்றாண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். எஃப்.ஐ.ஆர். உடனே போடாவிட்டாலும், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்குங்கள். காவல் நிலையம் என்றால் நம் வீடுகளில் ஒரு தயக்கம் உண்டு. ஆனால், நீங்கள் பாதிக்கப்பட்டவராகப் போகிறீர்கள், கணவரையும் அழைத்துக்கொண்டு போங்கள். இந்த மோசடி தெரிந்ததுமே நான் புகார் கொடுத்தேன் என்று பின்னால் காட்ட அந்தச் சின்ன ரசீது போல உதவுவது வேறில்லை.

புகாருக்கு முன் இன்னொன்றையும் பாருங்கள். ஏப்ரல் முதல் ஜூன் வரைக்கான டி.டி.எஸ். அறிக்கைக்கு ஜூலை 31 கடைசி நாள். ஆகவே 2025-26க்கான ஏ.ஐ.எஸ். பக்கத்தில் அந்த மும்பைப் பெயர் இதற்குள் வந்திருக்கலாம். வந்திருந்தால் மோசடி இன்னும் நடந்துகொண்டிருக்கிறது என்று பொருள். அதையும் மறுத்து, புகாரில் சேர்த்துவிடுங்கள்.

ரிட்டர்ன் விஷயம் எளிது. உங்கள் வருமானத்துக்கு அது கட்டாயமில்லை. இருந்தாலும் தாக்கல் செய்யுங்கள், உங்கள் தரப்பிலிருந்து ஓர் உண்மைக் கணக்கு அரசிடம் இருக்க வேண்டும், வங்கிக்கும் அது வேண்டும். 2024-25 நிதியாண்டுக்கான அவகாசத்தை 2025 செப்டம்பர் 15 வரையும், பிறகு ஒரு நாள் கூட்டி 16 வரையும் நீட்டித்தார்கள். உங்களுக்கு ஐ.டி.ஆர்.-1 என்ற ரிட்டர்ன் படிவம் போதும். படிவத்தைத் திறந்ததும் அந்த மும்பைச் சம்பளம் தானாகவே நிரம்பியிருக்கலாம். அவசரத்தில் ‘சரி’ என்று தட்டிவிடாமல் ஒவ்வொரு பக்கமாகப் பார்த்து அதை நீக்குங்கள். 1,860 ரூபாயை ரீஃபண்டாகக் கேட்காதீர்கள். சின்னத் தொகைதானே என்று தோன்றும். ஆனால், வரியை உங்களுடையது என்று சொன்னால் அதற்குரிய 1,86,000 ரூபாயும் உங்களுடையது என்றாகிவிடும். தாக்கல் செய்த 30 நாட்களுக்குள் சரிபார்ப்பையும் முடித்துவிடுங்கள்.

தொகை பொருந்தவில்லை என்று துறையிலிருந்து குறுஞ்செய்தியோ மின்னஞ்சலோ வரலாம். பயப்படாதீர்கள், ஆனால் பதில் சொல்லாமல் விடாதீர்கள். நோட்டீஸ் என்று வந்தால் முதலில் அது உண்மையானதா என்று பாருங்கள். உண்மையான நோட்டீஸில் டி.ஐ.என். என்ற ஆவண எண் இருக்கும், இணையதளத்தில் அதைப் போட்டுச் சரிபார்க்கலாம். பிறகு உங்களிடம் இருக்கும் ரசீதுகளை இணைத்துப் பதில் கொடுங்கள்.

பான் எண்ணை மாற்றிவிடலாமா என்று பலர் கேட்பார்கள். கூடாது. ஒருவர் இரண்டு பான் வைத்திருந்தால் 10,000 ரூபாய் அபராதம். பழைய எண்ணின் பிரச்சினையும் அங்கேயே இருக்கும். அதைவிட, அந்த எண் வேறு எங்கெல்லாம் போயிருக்கிறது என்று தேடுவது முக்கியம். கூலி வேலை செய்பவர்கள் பெயரில் ஜி.எஸ்.டி. பதிவு எடுத்து, கோடிக்கணக்கில் பாக்கி என்று நோட்டீஸ் வந்த செய்திகளை நீங்களும் படித்திருப்பீர்கள். ஜி.எஸ்.டி. தளத்தில் பான் எண்ணை வைத்துத் தேடினால் உங்கள் பெயரில் பதிவு ஏதும் இருக்கிறதா என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். சிபில் உள்ளிட்ட நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். வாங்கி, நீங்கள் வாங்காத கடன் இருக்கிறதா என்று பாருங்கள். பி.எஃப். தளத்தில் பணி வரலாற்றையும் பார்த்துவிடுங்கள்.

வங்கி மேலாளரிடம் எதையும் மறைக்க வேண்டாம். சம்பளச் சீட்டு, சம்பளம் வரவான ஓராண்டு வங்கி அறிக்கை, தாக்கல் செய்த ரிட்டர்ன், ஏ.ஐ.எஸ். மறுப்பு ரசீது, சி.எஸ்.ஆர். நகல் ஆகியவற்றை ஒரு கோப்பாக வைத்து நேரில் கொடுத்து விளக்குங்கள். 24,000 சம்பளத்துக்குக் கிடைக்கும் கடன் குறைவாக இருக்கலாம். கணவரின் வருமானத்தையும் சேர்த்துக் கூட்டாக விண்ணப்பியுங்கள். கொடுக்கும் ஒவ்வொரு பான் நகலின் குறுக்கேயும் ‘வீட்டுக் கடனுக்கு மட்டும்’ என்று எழுதித் தேதியோடு கையெழுத்துப் போடுங்கள். இனி எங்கே நகல் கொடுத்தாலும் இப்படித்தான்.

இப்போதைய சட்டப்படி, ஐம்பது லட்சத்துக்குக் குறைவான தொகை என்றால் 2024-25 நிதியாண்டின் கணக்கை 2029 ஜூன் 30 வரை துறை மறுபடி திறக்க முடியும். அதுவரை அந்தக் கோப்பு வீட்டில் பத்திரமாக இருக்கட்டும். இந்த வாரத்துக்குள் ஏ.ஐ.எஸ். மறுப்பையும் இரண்டு கடிதங்களையும் முடித்துவிடுங்கள். பதினைந்து நாள் கழித்து நிறுவனங்களிடமிருந்து என்ன வந்தது, அல்லது எதுவும் வரவில்லையா என்று எனக்கு எழுதுங்கள். அதைப் பார்த்து அடுத்த மனுவை எப்படி எழுதுவது என்று சொல்கிறேன்.